காயிலுக்குள் தெரிந்த வெளிச்சம்

1. திரும்பி வந்த பெட்டி

நான் பட்டறையில் மேஸ்திரியான பதினோராவது நாள் பெங்களூரிலிருந்து ஒரு மரப்பெட்டி திரும்பி வந்தது. உள்ளே நாங்கள் அனுப்பிய எஃகு வளையங்கள். பம்பு செட்டின் தண்டில் மாட்டுகிற அந்த வளையத்தைக் காலர் என்போம். பெட்டியைத் திறந்த கிரைண்டர்காரர் முனிரத்தினம் ஒரு காலரை எடுத்தார். கூடவே இன்னும் நாலு வந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றின் மேலும் இரும்புத் தூள் மீசை முளைத்தாற்போல் நின்றது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. இன்று ஓசூரில் ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே சாலையைக் கடக்க முடிவதில்லை. அன்று ஊரில் மெஷின் சத்தம் கேட்ட இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெங்களூர் ரோட்டில் இருந்த எங்கள் பட்டறை அவற்றில் ஒன்று. முதலாளியைத் தவிர மொத்தம் பதினாலு பேர். முதலாளி ஸ்ரீபாத ராவ் கன்னடக்காரர். எனக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். பட்டறையில் மூன்று பாஷையும் கலந்து ஓடும். திட்டுவதற்கு மட்டும் அவரவர் சொந்த பாஷையை எடுத்துக்கொள்வார்கள்.

காலர்கள் ஏன் ஒட்டின என்பதைச் சொல்லிவிடுகிறேன். முனிரத்தினம் ஓட்டிய கிரைண்டர் சீமையிலிருந்து வந்த பழைய மெஷின். அதில் வேலைத் துண்டை இடுக்கியில் பிடிப்பதில்லை, காந்தத்தால் பிடிக்கும். அதற்கு மேக்னெட்டிக் சக் என்று பேர். வேலை முடிந்து சக்கை நிறுத்தினாலும் கெட்டி எஃகில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். அப்படியே பம்பில் மாட்டினால் தூளை இழுத்துச் சேர்த்துக்கொண்டு நாலு மாதத்தில் தண்டைத் தின்றுவிடும். அந்தக் காந்தத்தை எடுக்க ஒரே வழி, ஏசி கரண்டு ஓடும் கம்பிச் சுருளுக்குள், அதாவது காயிலுக்குள், துண்டைச் செலுத்தி மெதுவாக வெளியே இழுப்பது. எங்களிடம் இருந்த காயில் சின்னது. கெட்டி எஃகுக்கு அது போதவில்லை.

முதலாளி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த பெட்டியும் இப்படித் திரும்பினால் ஆர்டர் கை விட்டுப் போகும் என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2. நானூறு சுற்று

ஆறு நாளில் புதிய காயில் சுற்றினேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, மறைக்க மாட்டேன். மோட்டார் காயில் சுற்றிப் பழகிய கை இது. ஆனால் ஒரு ஆள் தலை நுழையும் அகலத்துக்கு யாரும் சுற்றிப் பார்த்ததில்லை. மரத்தில் குழாய்போல ஒரு கூடு செய்து, அதன் மேல் நூல் சுற்றிய தாமிரக் கம்பியில் நானூறு சுற்று. எண்ணிக்கை தவறாமலிருக்க ஐம்பது சுற்றுக்கு ஒரு முறை சுவரில் கரிக்கோடு போட்டேன். வார்னிஷ் பூசி வெயிலில் காய வைத்தேன். அடுப்பு வைத்துக் காய வைக்கிற வசதியெல்லாம் எங்களுக்கு ஏது.

மூன்று பேஸ் கரண்டில் இரண்டு பேஸுக்கு நடுவே இணைத்து ஸ்விட்ச் போட்டதும் பட்டறை பல்புகள் எல்லாம் ஒரு கணம் மங்கி நிமிர்ந்தன. ஆம்பியர் மீட்டர் முள் நாற்பதில் போய் நின்றது. காயில் உறுமியது. முனிரத்தினம் ஒரு காலரை உள்ளே செலுத்தி எடுத்துக் குண்டூசிப் பெட்டியில் போட்டுப் பார்த்தார். ஒரு ஊசிகூட ஒட்டவில்லை. முதலாளி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நேர் வழியில் போகாமல் கடைவீதியைச் சுற்றிக்கொண்டு போனேன். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காயில் பற்றிப் பேசினேன். ஒருவருக்கும் புரிந்திருக்காது.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. துண்டு உள்ளே இருக்கும்போது கரண்டை நிறுத்தினால் போன காந்தம் திரும்ப ஏறிவிடும், சில சமயம் முன்னைவிட அதிகமாக. ஆகவே ஒவ்வொரு துண்டும் ஒரு கை தூரம் வெளியே வந்த பிறகுதான் ஸ்விட்சைத் தொடலாம். காலர்கள் சின்னவை. மரத்தட்டில் அடுக்கிக் கையால் உள்ளே தள்ளும்போது ஒன்றிரண்டு சரிந்து கூட்டுக்குள்ளேயே கிடந்துவிடும். அதற்காக நான் ஒரு சட்டம் போட்டேன். கரண்டு ஓடும்போதே குனிந்து, கூட்டின் வாயில் முகத்தை வைத்து, உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். சுண்ணாம்புக் கட்டியால் சுவரிலும் எழுதிவைத்தேன்: 'உள்ளே பார், பிறகு நிறுத்து.'

சட்டம் போட்டவன் நான். ஒரு நாளும் நான் குனிந்து பார்த்ததில்லை. நான் நின்ற இடம் மீட்டர் பக்கம்.

3. மாதப்பன் சொன்னது

காயில் வேலைக்கு மாதப்பனைப் போட்டேன். அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரர். முப்பது வயது இருக்கும், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மலையில் கேழ்வரகு விளையாத இரண்டு வருஷத்துக்குப் பிறகு மனைவியோடும் கண் தெரியாத அப்பாவோடும் ஓசூருக்கு இறங்கி வந்தவர். அப்பாவுக்கு நாற்பது வயதில் பார்வை மங்க ஆரம்பித்து இரண்டு வருஷத்தில் முழுக்கப் போய்விட்டதாம். மாதப்பன் அதிகம் பேசமாட்டார். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார். வலது மணிக்கட்டில் கட்டை விரல் தடிமனில் ஒரு வெள்ளிக் காப்பு. மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டு போட்டது. வேண்டுதல் தீரும்வரை கழற்றக் கூடாது.

இரண்டாவது வாரம் அவர் என்னிடம் வந்து நின்றார்.

"மேஸ்திரி, அந்தக் கூட்டுக்குள்ள குனிஞ்சா கண்ணுல என்னமோ மினுக்குதுங்க. ஓரத்துல. கையில காப்பு வேற சுடுது."

நான் யோசிக்கவே இல்லை. ஸ்விட்ச் போட்டால் பல்பு மங்குகிறதல்லவா, அதைத்தான் பார்க்கிறீர்கள் என்றேன். காலர்கள் காயிலுக்குள் வெதுவெதுப்பாகிவிடும், அது பட்டுக் காப்பு சுட்டிருக்கும் என்றேன். இரண்டுக்கும் பதில் என்னிடம் தயாராக இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார்.

"பல்பு இல்லீங்க மேஸ்திரி. கண்ண மூடிக்கிட்டுப் பார்த்தன். அப்பவும் மினுக்குது."

பக்கத்தில் இருந்தவர்கள் காதில் அது விழுந்தது. அவ்வளவுதான், பட்டறைக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய சிரிப்பு கிடைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறவருக்கு மெஷின் எதற்கு என்றார் ஒருவர். சாமி வந்திருக்கிறது, காயிலுக்குத் தேங்காய் உடை என்றார் இன்னொருவர். முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவரும் சாராயம் ஏதாவது பழக்கமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். மாதப்பன் குடிப்பவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதால் மாதப்பன் சொல்வதை நிறுத்திக்கொண்டார். வேலையை நிறுத்தவில்லை. ஆனால் குனிவதற்கு முன் ஒரு கணம் தயங்குவார். காப்புக்கு அடியில் ஈரத்துணி சுற்றிக்கொள்வார். சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்குப் போய், ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்ப்புறப் புளியமரத்தைப் பார்ப்பார். பிறகு மற்றக் கண். என்ன செய்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டதா என்று தினம் ஒரு தடவை சோதித்துக்கொண்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

தயக்கத்தால் வேலை குறைந்தது. நாளுக்கு இரண்டு பெட்டி போனது ஒன்றரை ஆனது. முதலாளி காரணம் கேட்டார், சொன்னேன். அவர் மாதப்பனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். படிக்கத் தெரியாதவருக்கு டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்ட முடியாமல் விரலை எண்ணச் சொல்லி, டார்ச்சு அடித்துப் பார்த்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நல்ல சேதிதானே என்று நினைப்பீர்கள். அந்தச் சீட்டுதான் அவருக்கு வினையாக வந்தது. கண்ணில் குறை இல்லை என்றால் பொய் சொல்கிறார் என்று ஆகிவிட்டது.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமையோடு அவரை நிறுத்திவிடலாம், நாளைக்கு லேபர் ஆபீசர் கேட்டால் காட்ட ஒரு ரிப்போர்ட் எழுது என்றார். எழுதினேன். காயிலில் எந்தக் கோளாறும் இல்லை, காந்தம் இரும்பைத்தான் இழுக்கும், மனித உடம்பை ஒன்றும் செய்யாது, ஆள் வேலைக்குச் சுணங்கிப் பொய் சொல்கிறார். அரைப் பக்கம். எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் காப்பு ஏன் சுடுகிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காயில் சுற்றுகிறவனுக்கு முதல் பாடமே அதுதான். ஏசி காயிலுக்குள் முழு வட்டமாக ஒரு உலோகம் இருந்தால் அது ஷார்ட் ஆன ஒரு சுற்று. கரண்டு அதற்குள் ஓடும், சூடாகும். மோட்டாரில் அப்படி ஒரு சுற்று ஷார்ட் ஆனால் பத்தடி தள்ளி நின்று மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவேன். மணிக்கட்டில் இருந்தபோது தெரியவில்லை. அது மனிதன் போட்டிருந்த காப்பு, என் கண்ணுக்கு அது வயரிங்காகத் தெரியவில்லை.

4. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மாதப்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். நாளையோடு நின்றுகொள்ள வேண்டும் என்றேன். அவர் கெஞ்சவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க ஒருக்கா குனிஞ்சு பாருங்க மேஸ்திரி. உங்களுக்குத் தெரியலேன்னா நான் போயிடறன்."

மெஷின்கள் நின்றுகொண்டிருந்தன, எல்லோரும் கை துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். மறுத்தால் பயந்துவிட்டேன் என்பார்கள். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நானே ஸ்விட்சைப் போட்டேன். முள் நாற்பதுக்குப் போனதைப் பார்த்துவிட்டு வந்து, குனிந்து, கூட்டின் வாயில் முகத்தை வைத்தேன்.

மினுக்கியது.

நேரே பார்க்கும் இடத்தில் இல்லை, ஓரங்களில். நிறம் என்று சொல்ல முடியாத ஒரு வெளுப்பு, கோடை மதியத்தில் தார் ரோட்டின் மேல் காற்று நடுங்குமே அப்படி நடுங்கியது. தலையைத் திருப்பினேன், கூடியது. கண்ணை இறுக்கி மூடினேன். அப்போதும் நின்றபாடில்லை. தலையை வெளியே எடுத்தேன், போய்விட்டது. மறுபடி வைத்தேன், வந்தது.

நிமிர்ந்தேன். பதிமூன்று முகங்கள். என் நானூறு சுற்று பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. என் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் முதலாளி மேஜையில் இருந்தது.

"ஒண்ணும் தெரியலயே," என்றேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை.

மாதப்பன் என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பொய் என்று அவருக்குத் தெரியும், கத்துவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. என் வார்த்தையை அவர் அப்படியே நம்பிவிட்டார். ஒரு தடவை கண்களைக் கசக்கிக்கொண்டார்.

"அப்போ எனக்குத்தான் போவுதுங்க," என்றார். பிறகு கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லிடாதிங்க மேஸ்திரி. எங்கப்பன் இருக்கறதே வீட்ல போதும். என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா தாங்காது."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுக்கப் போனார். போகும்போது அங்கே கிடந்த ஸ்டூலைத் தடவிப் பார்த்து விலகி நடந்தார். அதுவரை அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பட்டப்பகல், நல்ல வெளிச்சம், கண்ணில் ஒரு குறையும் இல்லாத மனிதர். நான் சொன்ன ஒரு வார்த்தையில் குருடனைப்போல் நடந்தார்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "மாதப்பா, நில்லுங்க. எனக்கும் தெரிஞ்சுது. பொய் சொல்லிட்டேன்," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் திரும்பினார். "நெசமாவா?" என்றார்.

"ஓரத்துலதான் மினுக்குது. கண்ண மூடினாலும் மினுக்குது. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்."

மாதப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

5. முதலாளியின் கடிகாரம்

முதலாளி சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தபோது பட்டறையில் ஒருவர்கூட வேலையில் இல்லை. எல்லோரும் காயில் முன்னால் வரிசை நின்று, ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து பேருக்குத் தெரிந்தது. இரண்டு பேர் சந்தேகமாகச் சொன்னார்கள். தேங்காய் உடைக்கச் சொன்னவர் இரண்டு தரம் பார்த்துவிட்டு மாதப்பன் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றார்.

முதலாளிக்குக் கோபம் வந்தது. ஒருவன் சொன்னால் மற்றவர்களுக்கும் தெரிகிறது, இதெல்லாம் மனப்பிராந்தி என்றார். நியாயமான சந்தேகம்தான். நான் ஒரு சோதனை சொன்னேன். மாதப்பன் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டி, காயில் உறுமல் கேட்காதபடி பக்கத்தில் கிரைண்டரை ஓட்டி, முதலாளி தன் இஷ்டத்துக்கு ஸ்விட்சைப் போடட்டும், நிறுத்தட்டும். கரண்டு இருக்கிறதா இல்லையா என்று மாதப்பன் கையைத் தூக்கிக் காட்டட்டும். காப்பு சூட்டை வைத்துச் சொல்லிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் காயிலுக்குத் தள்ளி வைக்கச் செய்தேன்.

முதலாளி பத்து முறை செய்தார். ஏமாற்றுவதற்காக நடுவில் மூன்று முறை ஸ்விட்ச் போடாமலே நின்றார். பத்துக்குப் பத்தும் மாதப்பன் சரியாகச் சொன்னார்.

பதினோராவதற்கு முதலாளியே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கூட்டின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இது நிஜமாவே மினுக்குதேய்யா, கோவிந்தராஜு," என்றார் என்னிடம்.

பிறகு மணி பார்க்கக் கையைத் தூக்கினார். கடிகாரம் நின்றுபோயிருந்தது. அவருடைய மாமனார் கொடுத்த கடிகாரம் அது. உள்ளே இருந்த ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார், காயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கழற்றச் சொல்ல உனக்குத் தோன்றவில்லையா என்று மட்டும் கேட்டார். அன்று எனக்குத் தோன்றாமல்போன விஷயங்களில் அதுதான் சின்னது. பெங்களூர் கடிகாரக் கடையில் சரி செய்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அது தினம் ஐந்து நிமிஷம் முந்தி ஓடும்.

காப்பு சங்கதியையும் அன்றே முடித்தேன். தாமிரக் கம்பியில் இரண்டு வளையம் செய்தேன். ஒன்றின் முனைகளைப் பற்றவைத்து மூடினேன், இன்னொன்றை நெல்மணி அளவு இடைவெளி விட்டுத் திறந்து வைத்தேன். இரண்டையும் நூலில் கட்டிக் காயிலுக்குள் தொங்கவிட்டேன். மூடியது தொட முடியாமல் சுட்டது, திறந்தது சில்லென்று இருந்தது. மாதப்பன் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் காப்பைப் பார்த்தார். தட்டானிடம் கொடுத்து ஒரு கீறல் வெட்டிவிட்டால் போதும், கழற்றவே வேண்டாம் என்றேன். கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

"சாமிக்குப் போட்டத வெட்டக் கூடாதுங்க," என்றார் அவர். "கைய ஏன் உள்ள விடணும்? தட்ட ஒரு கழியால தள்ளிக்கலாமில்ல?"

அதுதான் சரியான வழி. கை உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? யார் கையும் போக வேண்டியதில்லை. மரத்தட்டுக்குச் சரிவாக ஒரு நீளத் தடம் செய்தோம். மூங்கில் கழியால் இந்தப் பக்கம் தள்ளி, கயிற்றால் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். தட்டுக்கு நாலு பக்கமும் விளிம்பு வைத்ததால் காலர் சரிவது நின்றது. உள்ளே ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க, கிருஷ்ணகிரி ரோட்டு லாரி மெக்கானிக்கிடம் ஒரு பழைய பக்கக் கண்ணாடி வாங்கி, கூட்டின் மறுமுனைக்கு அப்பால் சாய்த்து நிறுத்தினார் மாதப்பன். ஆறடி தள்ளி நிமிர்ந்து நின்றபடி உள்ளே முழுக்கப் பார்க்கலாம். காயில் என்னுடையது, மீதி எல்லாம் அவருடையது. அடுத்த வாரம் நாளுக்கு இரண்டே கால் பெட்டி போனது.

சுவரில் இருந்த என் எழுத்தை நானே ஈரத்துணியால் துடைத்தேன்.

6. இரண்டாவது ரிப்போர்ட்

சனிக்கிழமை காலையில் முதலாளி மேஜையிலிருந்து என் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். காயிலின் வாயில் தலையை வைத்தால் கண்ணில் மினுக்கு தெரிகிறது, தலையை எடுத்தால் நின்றுவிடுகிறது, முழு வட்ட உலோகம் கையில் இருந்தால் சுடுகிறது, இவற்றை முதலில் கண்டு சொன்னவர் மாதப்பன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: நான் சோதித்து அறிந்த பிறகும் முதலில் இல்லை என்று பொய் சொன்னேன்.

முதலாளி படித்துவிட்டு அந்தக் கடைசி வரி எதற்கு, அடித்துவிடு என்றார். மேஸ்திரியின் மரியாதை போகும் என்றார். நான் அடிக்கவில்லை. அவர் காகிதத்தை மடித்து டிராயரில் வைத்துக்கொண்டார். நாற்பது வருஷத்தில் எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஒரு காகிதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. நானூறு சுற்றுக் காயிலைவிடக் கூடுதலாக.

மாதப்பன் அன்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை நாள் குனிந்து பார்த்ததில் கண்ணுக்குக் கெடுதி ஏதும் ஆகியிருக்குமா என்று. ஆகாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக அவரிடம் இன்னொரு முறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "தலைய எடுத்தா நின்னுடுது, டாக்டரும் குறை இல்லைன்னார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பிற்காலத்தில் ஓசூருக்குப் பெரிய கம்பெனிகள் வந்தபோது அவற்றில் ஒன்றில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அங்கே ஒரு சேஃப்டி ஆபீசர் காந்தப்புலம் அளக்கும் மீட்டரோடு வந்து இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்தார். மாறிக்கொண்டே இருக்கும் காந்தம் உடம்புக்குள்ளும் மெல்லிய கரண்டை உண்டாக்கும், பலமான புலத்தில் அதை முதலில் உணர்வது கண்ணின் உள்திரை, அதுதான் இல்லாத வெளிச்சமாகத் தெரிகிறது என்றார். மருத்துவ நூல்களில் வெகு காலமாகவே இருக்கும் சங்கதியாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டேயே வரக் கூடாது என்றும் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் இது எங்கள் பட்டறையில் மாதப்பன் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்த சங்கதி என்று அவரிடம் சொன்னேன். பெயரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது பல பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள், பெரிய கரண்டு லைனுக்குக் கீழே வீடு இருந்தால் வியாதி வருமா, வெல்டிங் கேபிளைத் தோளில் போட்டால் தலை வலிக்குமா என்று. எனக்குத் தெரிந்தது அந்த மினுக்கும் அந்தச் சூடும் மட்டும்தான். மற்றதற்குப் படித்தவர்களைக் கேளுங்கள். அவர்களும் தெரியாது என்று சொன்னால் நம்புங்கள், ஏனென்றால் தெரியாது என்று சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

மேஸ்திரி ஆகப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது வேறு. நீங்கள் செய்த மெஷின் பக்கத்தில் நின்று ஒருவர் உடம்புக்கு ஏதோ செய்கிறது என்றால், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் அவர் நிற்கும் இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர் தன் கண்ணைவிட உங்கள் வாயை நம்பிவிடுவார். அந்த வெள்ளிக்கிழமை ஸ்டூலைத் தடவிக்கொண்டு நடந்த மனிதரிடம் அதைக் கற்றேன். அதற்குப் பிறகு வேலை விஷயத்தில் நான் ஒரு முறையும் பொய் சொன்னதில்லை.